அம்மாவை ஏற்றிச் சென்ற உன் வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. நான் நலம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் நலம் என்று சேர்த்து எழுத இந்தத் தடவை கை வரவில்லை. பதறாதே, இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், முழுவதும் படி.

நான் வேலை பார்த்த பெட்ரோல் பங்க்கை உங்கள் கம்பெனி எடுத்துக்கொண்டு, சோதனை வேன்களின் பேட்டரிக்குள் கரண்ட் தரும் திரவத்தை மாற்றும் இடமாக ஆக்கியபோது நானும் அங்கேயே ஒட்டிக்கொண்டேன் அல்லவா, பெட்ரோல் போட்டே பழகிய கை, முதல் நாளே பழைய திரவத்தை இறக்காமல் புதியதை ஏற்றப் போய் வேனின் இரண்டு தொட்டியும் வழிந்து தரையெல்லாம் ஆறாக ஓடியது. பொண்ணு கண்டுபிடிச்சத அப்பாவே கவுத்திடுவாரு போலிருக்கே என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேலி செய்தார். அதிலிருந்து சக்தி தீர்ந்ததை முதலில் இறக்கு, பிறகு ஏற்று, பச்சைக் குழாய் இந்தத் தொட்டிக்கு, ஊதாக் குழாய் அந்தத் தொட்டிக்கு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் வேலை செய்கிறேன். போன வாரம் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். அங்கே நின்றது உன் வேன் ஒன்றுதான், அதிலும் சார்ஜ் முள் அடியில் கிடந்தது. ஒயரை மாட்டிக் காத்துக் கிடக்க வேண்டிய வண்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. சூப்பர்வைசர் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தார், நான் பழைய திரவத்தை இறக்கிப் புதியதை ஏற்றினேன். சில நிமிடம்தான், எனக்கு அது ஒரு யுகம். வண்டி கிளம்பியதும் உள்ளே திரவத்தைச் சுற்றவிடும் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டு அம்மா, இதுதான் பாப்பா சொல்லிட்டே இருப்பாளே அந்தச் சத்தமா, நல்லாத்தான் ஓடுது என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

இதய வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்கிறார் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர். ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது என்றும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தேதி, உன் வண்டி சோதனைக்காக மலைப்பாதை ஏறிக் காட்ட வேண்டிய அதே வாரம். அம்மா ஒரே பிடிவாதம். ராப்பகலாக உழைத்த பிள்ளை கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவரக் கூடாதாம், மலை ஏறி முடித்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம், அதுவரை மறைக்க முடியாவிட்டால் வராதே என்று எழுத வேண்டுமாம். அவள் சொன்னதை எழுதியாகிவிட்டது.

இனி நான் சொல்வது. மலையில் வண்டியைப் பார்த்துக்கொள்ள உன்னோடு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது வெளியே நான் ஒருத்தன் போதாது, எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டியவர்களிடம் முறையாகச் சொல்லிவிட்டு டிக்கெட் போடு, வழியில் பட்டினி கிடக்காதே, மாற்றுத்துணி அதிகமாகவே எடுத்து வை. அம்மா கோபித்துக்கொள்வாளே என்று யோசிக்காதே. வராதே என்று எழுதச் சொன்னவள், இன்று காலை உன் அறை மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போடச் சொன்னாள். போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நல்லபடியாக வந்து சேர், என் ஆசிகள் உன் கூடவே வரும்.

இப்படிக்கு,
அப்பா