விட்டுவிட்ட லைப்ரரி

ஜூன் 10, 2002. திங்கள்

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. குதிகாலில் கொப்புளம்.

இன்றைய வேலை: எங்கள் ஃபாக்டரியில் ஷூ வாங்கும் இத்தாலி பையர் அனுப்பிய பேட்டர்ன் ஃபைலைத் திறந்து பிரிண்ட் எடுக்க ஒரு புரோகிராம். சனிக்கிழமை சாம்பிள் கூரியரில் போக வேண்டும். திருட்டு சாஃப்ட்வேர் இருந்தால் ஆடிட்டில் மாட்டுவோம் என்று எல்லாரும் பயந்தபோது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மேனேஜர் அன்வர் சார் அன்று சொன்னது இன்னும் காதில்: "உன்ன நம்பித்தாம்மா கிரேஸ் இதுல எறங்கறேன்." ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். இது ஐந்தாவது.

புரோகிராம் சோர்ஸாகத்தான், எழுதிய வடிவிலேயே, கிடைக்கிறது. நாமே கம்பைல் செய்து ஓடும்படி ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் துணையாக வேண்டிய லைப்ரரி ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் கன்ஃபிகரை ஓட்டினால் அது இல்லை, இது இல்லை என்று சம்பந்தி வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாகக் குறை.

1. படம் வரையும் லைப்ரரி. இருக்கிறது, ஆனால் அதன் டெவலப்மென்ட் பாக்கேஜ் இல்லையாம். லினக்ஸின் இரண்டாவது சிடியில் கிடைத்தது.

2. இமேஜ் லைப்ரரி. நம்மிடம் இருப்பது பழசு. பஜார் பிரவுசிங் சென்டரில் இறக்கி மூன்று ஃப்ளாப்பியில் கொண்டுவந்தேன். மூன்றாவதைப் படிக்க முடியவில்லை. மறுபடி வெயிலில் ஒரு நடை.

3. தாள் அளவு லைப்ரரி. எந்த சிடியிலும் இல்லை.

மணி ஐந்தரை. பிரவுசிங் சென்டரில் லைன் போய்விட்டது. தாள் அளவைச் சொல்ல ஒரு லைப்ரரியா என்று எரிச்சல். அது இல்லாமலே மேலே போ என்று சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கிறது. போட்டேன். போயிற்று. எரர் ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் ஆயிற்று. உயிர் வந்தது.

ஜூன் 11. செவ்வாய்

காலையிலேயே பிரிண்ட். எட்டுத் துண்டு, எட்டுத் தாள். கோடெல்லாம் சுத்தம்.

கட்டிங் மாஸ்டர் கன்னியப்பனிடம் கொடுத்தேன். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். சாம்பிள் தோலை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். முதல் தாளை உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கொஞ்சம் சிறுசா கீற மாதிரி தெரியுதே பாப்பா."

"கம்ப்யூட்டர்ல வர்றது மாஸ்டர். தப்பா வராது."

"அப்போ சரி."

பையரே அனுப்பிய தோல். ஒயின் சிவப்பு, மொத்தம் நான்கு. இரண்டை வெட்டி முடித்துவிட்டார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கொப்புளம் உடைந்துவிட்டது.

ஜூன் 12. புதன்

 

மூன்று மணிக்கு மேல்தோலை லாஸ்ட் மேல் இழுத்துப் பூட்டப் பார்த்தார்கள். லாஸ்ட் என்பது ஷூவுக்கான கால் அச்சு. ஏறவில்லை. இழுத்ததில் தையல் விட்டுவிட்டது. ஆறு ஜோடியும் அப்படியே.

அன்வர் சார் எல்லார் எதிரிலும்: "இன்னா கன்னியப்பா, கண்ணு தெரியலன்னா சொல்றதுக்கு இன்னா? ரெண்டு தோல் போச்சே. பையருக்கு இன்னா பதில் சொல்றது?"

"பேட்டர்ன்படிதான் சார் வெட்னேன்."

"பேட்டர்ன் மிஷின்ல வந்தது. வெட்னது கை."

நான் பத்தடி தள்ளி நின்றேன். பாப்பாவிடம் கேட்டேன், தப்பா வராது என்றாள் என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாளையிலிருந்து அவர் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டுமாம். மீதி இரண்டு தோலை வெட்ட வாணியம்பாடியிலிருந்து ஒரு கட்டர் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறாராம்.

எல்லாரும் போன பிறகு பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து பிரிண்ட் எடுத்தேன். ஸ்கேல் வைத்தேன். ஒன்பது புள்ளி நான்கு.

விட்டுவிட்டேனே, அந்த லைப்ரரி. நம் ஊரில் ஏ4 தாள் என்று புரோகிராமுக்குச் சொல்வது அதுதான். சொல்ல ஆளில்லாததால் ஏ4-ஐவிட நீளம் குறைந்த அமெரிக்கத் தாள் என்று அதுவே முடிவு செய்துகொண்டு, அதற்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறது. எரர் வந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

ஜூன் 13. வியாழன்

முதலில் சரி செய்வோம், பிறகு சொல்வோம் என்று முடிவு. வெறும் கையோடு போய்ச் சொன்னால் வேலை போய்விடும்.

பிரவுசிங் சென்டர் மூன்று தடவை. இரண்டு தடவை கரண்ட் இல்லை. ஒரு தடவை எண்பது சதவீதத்தில் லைன் கட்.

கேன்டீனில் காதில் விழுந்தது: "வயசாய்ட்டா கண்ணும் போய்டும், கையும் போய்டும். இன்னும் மாஸ்டர் மாஸ்டர்னு இன்னாத்துக்கு."

பாதிச் சாதத்தோடு எழுந்துவிட்டேன்.

அம்மா நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது, "முகம் ஏன்டி இப்படி இருக்கு? ஜெபம் பண்ணிட்டுப் படு" என்றாள். பண்ணினேன். அந்த லைப்ரரி கிடைக்க வேண்டும் என்று. கன்னியப்பன் மாஸ்டர் பெயரைச் சொல்லவில்லை. முடித்து எழுந்த பிறகுதான் உறைத்தது.

தையல் கடையில் ரவிக்கை வாங்க மறந்தேன்.

ஜூன் 14. வெள்ளி

லைப்ரரி கிடைத்தது. ஒரே ஃப்ளாப்பி. சின்னஞ்சிறு ஃபைல். இதற்காகவா.

ஜும்மா தொழுகைக்குப் பாதி ஃபாக்டரி காலி. மறுபடி கன்ஃபிகர். தாள் அளவு லைப்ரரி: எஸ், இருக்கிறது. கம்பைல். கோடு பிரிண்ட். பத்து சென்டிமீட்டர், மயிரிழை மாறவில்லை. எட்டுத் தாளையும் புதிதாக எடுத்தேன்.

அப்போதுதான் அந்த எண்ணம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பழைய தாளை எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டால் போதும். வாணியம்பாடிக்காரர் வெட்டுவார், ஷூ பொருந்தும், என் வேலை நிற்கும். கன்னியப்பன் கைதான் தப்பு என்று எல்லாருக்கும் நிரூபணமாகிவிடும். தாள்களோடு கட்டிங் மேஜை வரை போனேன். பழைய தாளைக் கையிலும் எடுத்துவிட்டேன்.

மாற்றி வைக்க மனம் வரவில்லை; இரண்டையும் கொண்டுபோய் அன்வர் சாரிடம் நீட்டினேன். மசூதியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தொப்பிகூடக் கழற்றவில்லை. எல்லாம் சொன்னேன். மாஸ்டர் என்னிடம் கேட்டது உட்பட. ஒன்றின் மேல் ஒன்றாகத் தாளை வைத்துப் பார்த்தார்.

"உன் விஷயம் திங்கக்கெழம பேசலாம். மொதல்ல புதுத் தாள எடுத்துட்டு கன்னியப்பன்ட்ட போய்ச் சொல்லு, மீதிய அவனே வெட்டட்டும். நான் சொல்ல மாட்டேன்."

பேக்கிங் ஷெட். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"எப்போ தெரியும்?"

"புதன்கிழம சாயந்திரம் மாஸ்டர்."

கை நின்றது.

"ரெண்டு நாளா நீ டீ குடிக்க இந்த வழியா வரல. பின்னால கேட்டு வழியா, வெயில்ல சுத்திப் போன. பாத்துட்டுத்தான் இருந்தேன்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "நான் பெட்டி மடிக்கறத பாத்தா கூச்சப்படுவேன்னுதான் பாப்பா இந்தப் பக்கம் வராம போதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

கட்டிங்குக்கு நடந்துவிட்டார். புதுத் தாள் என் கையிலேயே இருந்தது.