லேஞ்சி போட்டுப் பிடித்த இடம்

செவன் கிங்ஸ், லண்டன்
23 மார்ச் 2025

அன்பின் தங்கச்சி றோஸ்மலருக்கு,

அன்றைக்கு மன்னார் பஸ் நிலையத்தில் நின்றவர்கள்: அம்மா, பெரியம்மா, நீ, நான், முன்வீட்டு ஜீவரத்தினம் அண்ணை, பிறகு முன்பல் இல்லாத அந்தக் கொண்டக்டர். மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் போக நின்றோம். அம்மா நாவல் நிறச் சேலை. நீ என்னுடைய செருப்பைக் கேட்காமல் போட்டிருந்தாய். நேர்த்தி மெழுகுதிரி வாங்க நான் றோட்டைக் கடந்து கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் பஸ் இல்லை. கையில் மெழுகுதிரியோடு வெயிலில் நின்றேன். அம்மா தன் காலால் நடந்து போன கடைசித் திருவிழா அது. அவவுக்குப் பக்கத்தில் நான் இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறாய் என்று கேட்பாய். எனக்கு எதுவும் மறக்கவில்லை என்று தெரிவித்துவிட்டு மற்றச் செய்தி புதினத்தை எழுதுவதுதான் ஒழுங்கு.

மற்றப் புதினம் இதுதான். என் பிறந்தநாளுக்கென்று மகன் கொட்வினும் மருமகள் றொசாந்தியும் கப்பல் பயணம் போட்டிருக்கிறார்கள். சவுதாம்ரனில் ஏறி நோர்வேக்கு. கப்பலுக்குள் நீச்சல் குளம் இருக்கிறதாம். கடலுக்கு நடுவில் குளம் எதற்கு என்று கேட்டேன். ஜூன் பத்தொன்பதாம் திகதி அது உன் பேர்கனில் கட்டி, பின்னேரம் வரை நிற்கும்.

நீ நோர்வேக்குப் போய் உன் மகளுக்கும் மகள் பிறந்துவிட்டது. உன் வாசற்படியை நான் மிதிக்கவில்லை. செத்த வீடுகளில் பேசினோம், கொட்வினின் கலியாணத்தில் பேசினோம். அது சபைக்காகப் பேசிய பேச்சு. உன் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அந்த மெழுகுதிரியின் மேல் சத்தியம் செய்தவள் நான். ஆனால் கப்பல் உன் ஊருக்கு வருவது என்னுடைய பிழை இல்லை.

பதிலைக் கடிதத்தில் எழுது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு கும்பிடு போட்டாலே கனடாவில் இருந்து ஏன் என்று கேட்கிறார்கள்.

உன் அக்கா
பியற்றிஸ்


பேர்கன்
4 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

மாதா துணை. நாங்கள் சுகம். நீங்கள் கோபத்தோடு சுகமாய் இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிந்தது. செருப்பு என்னுடையது. அம்மா எனக்குத்தான் வாங்கித் தந்தவ.

இங்கே வருகிற கப்பல்களை நான் தினமும் பார்க்கிறேன். கரையில் இறங்குகிறவர்களுக்குக் கப்பல்காரர் ரூர் என்று ஒரு சுற்றுலா விற்பார்கள். பெரிய பஸ்ஸில் ஏற்றி, நீர்வீழ்ச்சியைக் கண்ணாடிக்குள்ளால் காட்டி, ஒரு கடையில் இறக்கிக் கம்பளித் தொப்பி வாங்க விட்டு, திரும்பக் கொண்டு வந்து கொட்டுவார்கள். நீங்கள் அதில் ஏற வேண்டாம். உங்களுக்கான ரூரை நான் ஒழுங்கு செய்கிறேன். இவர் காரோடு துறை வாசலில் நிற்பார். முதலில் எங்கள் கோயில். பிறகு மலையேறுகிற குட்டி ரயில், உங்கள் முழங்காலுக்கு ஒரு வேலையும் இல்லை. பிறகு வீடு. பனங்கிழங்கு ஒடியல் மா ஊரில் இருந்து வந்து இருக்கிறது. நண்டும் இறாலும் மீன் சந்தையில் நானே பார்த்து வாங்குவேன். கூழ் காய்ச்சுவேன்.

அக்கா, அந்த பஸ்ஸில் உங்களுக்கு நான் லேஞ்சி போட்டு இடம் பிடித்தேன். யன்னலுக்குள்ளால் கை விட்டு, முகம் துடைக்கிற அந்தத் துணியைச் சீற்றில் விரித்து வைத்தேன். பிறகு நடந்ததைக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பாதியில் மடித்து வைத்துவிடுவீர்கள். கேட்க வேண்டுமென்றால் நேரில் வாருங்கள்.

தங்கச்சி
றோஸ்மலர்


செவன் கிங்ஸ்
27 ஏப்ரல் 2025

தங்கச்சி றோஸ்மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதியில் மடித்துத்தான் வைத்தேன். பிறகு திரும்ப எடுத்தேன்.

இங்கே உன் ரூரால் பெரிய சண்டை. போன ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது கொட்வின் கப்பல் கதையை எடுக்க, ஜீவரத்தினம் அண்ணை குறுக்கே வந்தார். உனக்குத் தெரியாது, அவர் இப்போது எங்கள் கோயிலில் முன்வரிசைக்காரர். எல்லாருக்கும் புத்தி சொல்லுவார்.

"கப்பல்காரன்ர ரூரிலை போனால் அது எவ்வளவு பிந்தினாலும் கப்பல் நிக்கும் தம்பி. தனியப் போனவை பிந்தினால் நிக்காது. என்ர மச்சான் ஒருத்தர் மால்ற்றாவிலை கையிலை வாங்கின சாமானோடை நிண்டு கப்பலுக்குக் கை காட்டினவர்."

அவ்வளவுதான். கொட்வின் வீட்டுக்கு வந்த கையோடு எனக்கும் சேர்த்து நீர்வீழ்ச்சி பஸ்ஸில் இடம் போட்டுவிட்டான்.

"நான் தங்கச்சியிட்டைப் போறன்," என்றேன்.

"அம்மா, பிந்தினால் கப்பல் உங்களை விட்டிட்டுப் போயிடும்."

"விட்டிட்டுப் போற வாகனத்துக்குப் பின்னாலை நிண்டு எனக்குப் பழக்கம்."

றொசாந்தி அடுப்படியில் நின்று சிரித்தாள். "மாமியை விடுங்கோ. அவ போய்ச் சண்டை பிடிச்சிட்டு வரட்டும். நாங்கள் நீர்வீழ்ச்சி பாப்பம்." அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னுடைய பெயரை மட்டும் அதில் இருந்து எடுத்தான்.

ஆகவே கரைக்கு வருவேன். ஆனால் லேஞ்சிக் கதையை என்னிடம் கொண்டு வராதே. அன்றைக்கு நடந்ததற்குச் சாட்சி இருக்கிறது. ஜீவரத்தினம் அண்ணை மடுவால் திரும்பி வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னவர்: "பியற்றிஸ் வரட்டும் எண்டு நான் சொன்னனான். றோஸ்மலர்தான் 'போவம்' எண்டவள்." இன்றைக்குக் கேட்டாலும் ஒரு சொல் மாறாமல் சொல்லுவார். அந்த நன்றிக்காக அவருக்கு ஒவ்வொரு மார்கழி நத்தாருக்கும் பலகாரம் கொடுத்து வருகிறேன்.

துறை வாசல் வரை வருவேன் என்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்கு வருவேன் என்று எழுதவில்லை.

பியற்றிஸ்


பேர்கன்
9 மே 2025

அக்கா,

ஜீவரத்தினம் அண்ணையா அப்படிச் சொன்னவர்?

உங்கள் கடிதத்தை இவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இவர் எழும்பிப் போய்க் காரைக் கழுவினார்.

கட்டாயம் வாருங்கள். நான் துறை வாசலில் நிற்பேன். மழை பெய்யும், இங்கே எப்போதும் பெய்யும், உங்களுக்கும் ஒரு குடை கொண்டு வருவேன். அதற்கு மேல் இப்போது ஒன்றும் எழுதவில்லை.

றோஸ்மலர்


செவன் கிங்ஸ்
1 ஜூலை 2025

என் அன்புத் தங்கச்சி றோசிக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். கப்பலில் போட்ட சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுச் சோறு தேவாமிர்தம். உன் ஒடியல் மாப் பொட்டலத்தைச் சவுதாம்ரனில் சுங்கத்து நாய் மணந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது.

ஒரு உண்மை சொல்கிறேன். அன்று காலை துறை வாசலில் நீ குடையை மடித்துவிட்டு மழையில் லேஞ்சியை ஆட்டிக்கொண்டு நின்றதை மேல் தட்டில் இருந்தே கண்டேன். காணாத மாதிரித்தான் இறங்கி வந்தேன். இன்னும் கொஞ்சம் ஆட்டட்டும் என்று இருந்தது.

உன் வீட்டில் நடந்தது எல்லாம் நல்லது. மெழுகுதிரிச் சத்தியத்தால் வாசலில் நான் தயங்க, உன் மனுசன் அருட்பிரகாசம் சொன்னதை இங்கே எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறேன். "மச்சாள், தண்ணி குடிக்க மாட்டன் எண்டுதானே சத்தியம். கூழைப் பற்றி மாதாவுக்கு ஒண்டும் சொல்லேல்லையே." பிலாவிலைக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கோப்பை தந்தாய், அதை மறக்க மாட்டேன். ஆனால் நண்டு நல்லாய் இருந்தது. மூன்று கோப்பை குடித்தேன். பங்குச் சனம் முழுக்க என்னைப் பார்க்க வந்து இருந்ததில் நீயும் நானும் தனிய ஒரு வார்த்தை பேச முடியவில்லை. லேஞ்சிக் கதையைக் கேட்காமலே திரும்பப் போகிறேன் என்று காருக்குள் நினைத்தேன். என் அவசரம் அப்படி. கூழ் வாயிலே இருக்கக் காரில் ஏறியவள் நான். கப்பல் விட்டுவிட்டுப் போனால் கொட்வின் சாகும்வரை சொல்லிக் காட்டுவான்.

வந்து பார்த்தால் கப்பல் நின்றது, கொட்வினைக் காணவில்லை. வாசலில் நின்ற பிலிப்பைன்ஸ் பெடியன் சொன்னதை அருட்பிரகாசம் எனக்குத் தமிழில் சொன்னார். "எங்கட ரூர் பஸ் ஒண்டு மலையிலை நிக்குது. றோட்டிலை ஆடுகள் படுத்திருக்காம், எழும்புதுகள் இல்லையாம். எங்கட பஸ் எண்டபடியால் கப்பல் நிக்கும்." கொட்வின் பயந்து ஏறிய அதே பஸ். அதற்காகக் கப்பல் நிற்க, அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்தது.

நனைந்த மர வாங்கில் நீ லேஞ்சியை விரித்து, "இருங்கோ அக்கா," என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்குள் இருக்கிறது.

"இப்பிடித்தான் அண்டைக்கும் விரிச்சு வைச்சிட்டு அம்மாவை ஏத்த இறங்கினனான். ஏறி வந்து பாத்தால் லேஞ்சிக்கு மேலை ஜீவரத்தினம் அண்ணை இருக்கிறார். 'எழும்புங்கோ, அது அக்கான்ர இடம்' எண்டன். 'பியற்றிஸ் சுவாமியாற்ற லொறியிலை வாறாள், என்னட்டைச் சொல்லிவிட்டவள்' எண்டார். அம்மாவுக்கும் அதையேதான் சொன்னவர். நாங்கள் நம்பிப் போட்டம்."

லேஞ்சியின் நுனியை நான் விரலில் சுற்றினேன். நீ தொடர்ந்து சொன்னாய்.

"மடுவிலை அம்மா கோயிலுக்குள்ளை வரேல்லை, அக்கா. சுவாமியாற்ற லொறி வரும்வரைக்கும் வாசலிலை நிண்டவ. வந்த லொறியிலை நீங்கள் இல்லை. அதுக்குப் பிறகும் வந்த ஒவ்வொரு லொறியாப் பாத்தவ."

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் அழுதேன். அம்மா எனக்காக நின்றவ என்று எனக்குத் தெரியாது, றோசி.

"ஏன்டி அண்டைக்கே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"வாயைத் திறக்க விட்டனீங்களே? மெழுகுதிரியாலை எறிஞ்சனீங்கள்."

எறிந்தது உண்மைதான். நல்ல திரி, உன் முதுகில் பட்டு இரண்டாய்ப் போனது. சத்தியம் செய்தது மிச்சத் துண்டின் மேல்.

அதற்குப் பிறகுதான் நீ கைப்பையில் இருந்து போத்தலை எடுத்தாய். உன் வீட்டுக் குழாய்த் தண்ணீர். நான் கேட்கவில்லை, நீ நீட்டவும் இல்லை, வாங்கில் வைத்தாய். எடுத்துக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

அந்த நேரம் பார்த்து அந்த பஸ் வந்தது. கப்பல் மேல் தட்டில் நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் கை தட்டினார்கள். கொட்வின் நனைந்த கோழி மாதிரி ஓடி வந்து என்னைக் கண்டவுடன் நின்றுவிட்டான். "அம்மா, நீங்கள் பிந்தீடுவியள் எண்டு நான் வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டு வாறன்." றொசாந்தி பின்னால் வந்தாள். "மாமி, நீர்வீழ்ச்சி பாக்கேல்லை. ஆடுதான் பாத்தம். நல்ல வடிவான ஆடுகள்."

கப்பல் திரும்பும்வரை நீ லேஞ்சி இல்லாமல் வெறுங்கையை ஆட்டிக்கொண்டு நின்றாய். லேஞ்சி என்னிடம் வந்துவிட்டது. தோய்த்து, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு தேத்தண்ணி நேரம் ஜீவரத்தினம் அண்ணை தானே வந்து கேட்டார். "என்ன தங்கச்சி, கப்பல் நிண்டதோ?"

"நிண்டது அண்ணை. எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. மடு பஸ்ஸிலை நீங்கள் எந்தச் சீற்றிலை இருந்தனீங்கள்?"

கோப்பைக்குள் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "எனக்கு அப்ப முழங்கால் நோ."

"அப்ப உங்களுக்குக் கலியாணமும் ஆகேல்லை. அந்தக் கிழமைதான் பங்கு விளையாட்டுப் போட்டியிலை ஓடி முதலாவதா வந்தனீங்கள். நீலக் காற்சட்டை. பரிசு ஒரு தேத்தண்ணிக் கோப்பை."

இந்தக் கோயிலில் அவர் ஒருவருக்கும் புத்தி சொல்லாமல் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தரம்.

இனிப் புதினத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு நீயும் அருட்பிரகாசமும் இங்கே வருகிறீர்கள். கேட்கவில்லை, சொல்கிறேன். கொட்வின் விமானத்துக்குப் பார்க்கிறான். லண்டன் ரூரை நான் ஒழுங்கு செய்கிறேன்: முதல் நாள் இல்ஃபோர்ட்டில் சேலைக்கடை, அடுத்த நாள் பூசை, அதற்கு அடுத்த நாள் எலிசபெத் லைன் ரயிலில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போவேன். ஒன்றுக்கும் அவசரம் இல்லை, இங்கே ஏறவேண்டிய கப்பல் உனக்கு இல்லை. பூசைக்கு நான் முந்திப் போய் முதல் வரிசையில், சுவரோரம், குளிர்காலத்தில் வெக்கை வருகிற அந்த நல்ல இடத்தில் உன் லேஞ்சியை விரித்து வைப்பேன். அங்கே வழக்கமாக இருக்கிறவர் வந்து பார்க்கட்டும்.

உன்னை மன்னித்தேன், செருப்பையும் சேர்த்து. என்னை நீ மன்னித்தாயா என்று கேட்கவில்லை, கூழில் நண்டுக் கால் எல்லாம் என் கோப்பைக்குள் வந்ததில் தெரிந்தது. மணி அடித்த கொண்டக்டரை மன்னித்தேன், அவருக்கு என்ன தெரியும். கொட்வினை மன்னித்தேன். ஆடுகளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

அன்புடன் உன் அக்கா
பியற்றிஸ்

பி.கு.: இந்த நத்தாருக்குப் பலகாரம் அந்த வீட்டுக்குப் போகாது. அன்றைக்கு பஸ் நிலையத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் மோட்சத்தில். மிச்சம் இருப்பவர்களில் எல்லாரையும் மன்னித்தாயிற்று, ஒரு ஆளைத் தவிர. சுவாமியார் கேட்டாலும் முடியாது, மாதாவே கேட்டாலும் யோசித்துத்தான் சொல்லுவேன்: ஜீவரத்தினம்.