வீண்செலவு என்று நான் வாங்கிய கையெழுத்துகள்

என் மகாராணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காய்ச்சல் பரவியதும் அரசு அவசர நிதியில் எழுப்பிய நீ வேலை பார்க்கும் தற்காலிக ஆஸ்பத்திரி வீண்செலவு என்று தெருவெல்லாம் கையெழுத்து வாங்கியவன் நான்தான்.

“கொட்டகைக்கு இத்தனை கோடியா?” என்று சலூன்காரர் உடனே கையெழுத்துப் போட்டார். “அண்ணே, அண்ணியே அங்கதானே நர்ஸு?” என்று மருந்துக்கடைக்காரர் மடக்கினார். பொதுநலம் என்று மழுப்பினேன்.

கோடிகளைப் பற்றி எனக்கென்ன? மூன்று வாரமாக நீ வீட்டுக்கு வரவில்லை. போனில், “எங்க டாக்டருக்கு எவ்ளோ பொறுமை தெரியுமா,” என்கிறாய். இருபது வருஷத்தில் என்னை ஒரு தடவையாவது அப்படி மெச்சியிருக்கிறாயா? வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரியை மூடினால் நீ திரும்பக் கிடைப்பாய் என்றுதான் வீடுவீடாக ஏறினேன்.

இந்தக் காகிதமும் பேனாவும் அந்த டாக்டர் கொடுத்தவை. நேற்றிலிருந்து ஆண்கள் வார்டில் என் காய்ச்சலைப் பார்ப்பவர் அவர்தான்.

உன் வீட்டுக்காரன்