தரையோரத் தட்டு

அன்பானவருக்கு,

கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டதும் இது உங்கள் கைக்கு வந்துவிடும் என்று உங்கள் கம்பெனி முகவர் சொன்னார். நான் நன்றாக இருக்கிறேன். மாடிக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், நீங்கள் அங்கே பயந்துபோவீர்கள்.

நமக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்கும் முன் வீட்டைப் பார்க்க வேண்டிய அதிகாரியம்மா போன வாரம் வந்தார். நான் தொட்டிலையும் புதுத் திரைச்சீலையையும் காட்டத் தயாராக நின்றேன். அவர் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "இப்ப நான்தாங்க உங்க பொண்ணு. ஒரு வயசு. வழி விடுங்க" என்று முட்டிபோட்டுத் தவழ ஆரம்பித்துவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தவழ்ந்தபடியே பின்னறை அலமாரி வரை போய், கீழ்த் தட்டுக் கதவை ஒற்றை விரலால் இழுத்தார். திறந்துகொண்டது. என் சிரிப்பு நின்றுவிட்டது.

கழிவறை கழுவும் ஆசிட், எலி மருந்து, நீங்கள் கதவுக்கு அடித்த பெயின்டின் மிச்சம், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பெயின்ட் தின்னர், உப்பிப்போன பழைய போன், டப்பா நிறையத் தீர்ந்த பேட்டரி. கனமானதைக் கீழே வைத்தால் எடுக்கச் சுலபம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தோம். சின்னக் கை ஒன்று அங்கே நீளும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை இல்லாத வீடு என்று வேறு யாரும் சொல்ல வேண்டாம், அந்தத் தட்டே சொல்லிவிடும்.

அவர் திட்டவில்லை. "திங்கக்கிழமை மறுபடி தவழ வருவேன். அதுக்குள்ள சரி பண்ணிடுங்கம்மா. இல்லேன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

உங்கள் தங்கையிடம் யோசனை கேட்டேன். "இதுக்கா அண்ணி இந்தப் பாடு? எல்லாத்தையும் கக்கூஸ்ல கொட்டித் தண்ணிய ஊத்துங்க" என்றாள். தின்னர் பாட்டிலின் மூடியைத் திறக்கும் வரை போய்விட்டேன். நெடி கண்ணை எரித்தது. இது எந்தத் தண்ணீரில் போய்க் கலக்கும், அதை எந்தப் பிள்ளை குடிக்கும் என்று தோன்றியதும் இறுக்கி மூடிவிட்டேன். விசாரித்ததில், இப்படிப்பட்ட கழிவை வாங்கவே நகராட்சியில் தனிக் கூடம் இருக்கிறதாம்.

தட்டைக் காலி செய்தபோதுதான், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், நான் கை விடாத மூலையில் அதைப் பார்த்தேன். கடைப்பையில் சுற்றிய, பாடும் கரடி பொம்மை. பிள்ளைக்காக நாம் ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலத்திலேயே மூடிவிட்ட கடையின் பை. வயிற்றை அழுத்தினேன், பாடவில்லை. என் கண்ணில் பட்டால் வலிக்குமே என்று, நான் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடமாகப் பார்த்து ஒளித்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்.

எல்லாவற்றையும் நகராட்சிக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு மீசைக்காரர். தின்னரைப் பார்த்ததும், "கலர் பாட்டில்ல இதை ஊத்தி வச்சா பெரியவங்களே குடிச்சிடுவாங்களேம்மா! வாங்கின டப்பாவுலயே இருக்கட்டும்" என்றார். உப்பிய போனை மணல் வாளிக்குள் வைத்தார். கரடியின் வயிற்றிலிருந்து பொட்டளவு பேட்டரியை எடுத்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார். "மிட்டாய்னு பிள்ளைங்க முழுங்கிடும். தொண்டையையே அரிச்சிடும். வீட்ல குழந்தை இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, ஒரு பொண்ணு" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக. அவர் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

இன்று அதிகாரியம்மா மறுபடி தவழ்ந்தார். அவசியமான மருந்துகள் மட்டும் உயரத்தில், பூட்டுக்குள். கீழ்த் தட்டைத் திறந்தார். உள்ளே கரடி மட்டும் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி, "எனக்கா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் வந்ததும் இருவரும் போய் அவளை அழைத்து வரலாமாம். கரடியின் பேட்டரி மூடிக்குத் திருகாணி கிடையாது, அவளே திறந்துவிடுவாள் என்று புதுப் பேட்டரி போடவில்லை, எனவே இனி அது பாடாது. அந்த வேலை உங்களுக்குத்தான். உங்கள் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே. கப்பலில் ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பாடிப் பழகிக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி. காற்றும் கடலும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்த முறை மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்காக,
உங்களவள்