ஹாலந்து ஆபீசில் எழுத வேண்டிய பெயர்

இயேசு மரி சூசை துணை

பொன்மலைப்பட்டி,
திருச்சி.
4-11-86

அன்புள்ள மகன் பிலோமின்ராஜுக்கு அப்பா எழுதிக்கொண்டது. சகாய மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அதுபோல நீயும் மருமகள் டோரதியும் பேத்தி ஜெசிந்தாவும் அந்தக் குளிர் ஊரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உங்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறாள் உன் அம்மா. இங்கே மழை பிடித்துக்கொண்டது, பின்கட்டு ஓடு மாற்றியது நல்லதாகப் போயிற்று, இந்த வருஷம் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எனக்கு முட்டிவலி இருக்கத்தான் இருக்கிறது, முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நின்ற கால் அல்லவா, அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன் கடிதம் போன வாரம் வந்தது. நான் சத்தம் போட்டுப் படிக்க உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள், அந்த முனிசிபல் ஆபீஸ் அம்மாள் உன்னிடம் கேட்ட கேள்வி வந்ததும் நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதி அரிசி தரையில். ஆனாலும் அந்த அம்மாள்மேல் என்ன தப்பு சொல். நீ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது சர்நேம் என்று ஒரு கட்டம் இருந்தது, நமக்கு ஏது சர்நேம், இனிஷியலை விரித்து எழுதிவிடுங்கள் என்றார் ஏஜண்ட், நீயும் என் பெயரை எழுதினாய், அங்கே போய் இறங்கியதும் மிஸ்டர் இன்னாசிராஜ் ஆகிவிட்டாய். டோரதிக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்தோம், புருஷன் பெயர்தானே இனிஷியல், அவள் மிஸஸ் பிலோமின்ராஜ். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து பெற்றுக்கொண்டாள், பிள்ளைக்கும் அப்பா பெயர் பிலோமின்ராஜ் என்று எழுதி அனுப்பிவைத்தோம். நம் ஊரில் இதைப் பார்த்து ஒருவனும் வாய் திறக்க மாட்டான். அங்கே அந்த அம்மாள் மூன்று பாஸ்போர்ட்டையும் மேஜைமேல் பரப்பிவைத்து, மிஸ்டர் இன்னாசிராஜ், இந்தப் பெண்ணின் புருஷன் மிஸ்டர் பிலோமின்ராஜ் இப்போது எங்கே இருக்கிறார், அவருக்குத் தெரிந்துதான் அவர் குழந்தையை நீங்கள் வைத்திருக்கிறீர்களா என்று உன்னையே கேட்டாளாமே. டோரதியின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து உன் அம்மா இன்றைக்கும் சிரிக்கிறாள். இப்போது குடியுரிமை கொடுக்கும்போது மூன்று பேருக்கும் ஒரே குடும்பப் பெயராக எழுதியாக வேண்டும், ஒரு தடவை எழுதினால் ஜெசிந்தாவோடு நிற்காது, பிள்ளைகள் பிள்ளைகளுடைய பிள்ளைகள் என்று மாறாமல் போய்க்கொண்டே இருக்கும், எந்தப் பெயர் என்று நீங்களே சொல்லுங்கள் அப்பா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நேராக அதை எழுதிவிட எனக்குக் கை வரவில்லை, நடந்ததைச் சொல்லிக்கொண்டே வருகிறேன், பொறுமையாகப் படி.

நீ எழுதியிருந்த டச்சுக்காரர்களின் பெயர் விவரம் இந்தத் தெரு முழுக்கப் பரவிவிட்டது, பரப்பியது நான்தான். பாக்கர் என்றால் ரொட்டி சுடுகிறவர், விஸ்ஸர் என்றால் மீன் பிடிக்கிறவர், வான் டைக் என்றால் கரை மேட்டுக்காரர் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, என்னோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காத்தமுத்து இருக்கிறானே, அவன் விடவில்லை. அப்படியானால் மணப்பாறையில் முறுக்கு சுடுகிற ஆள் அங்கே போனால் மிஸ்டர் முறுக்கா, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் வீடு கட்டியிருக்கும் என் சம்பந்தி மிஸ்டர் வான் டைக்கா என்று கேட்டான், ஆமாம் என்றேன். உன் மேனேஜர் வான் டென் பெர்க் என்றால் மலைக்காரர், ஆனால் அந்த நாட்டில் மருந்துக்கும் மலை கிடையாது என்று எழுதியிருந்தாயே, அதைச் சொன்னதும், அந்தப் பெயரை மலைக்கோட்டைக் கடைவீதிக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லு என்றான். உங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர் பெயர் டெ கோனிங், அதாவது ராஜா என்று படித்தபோது நம் தபால்காரரும் நின்று கேட்டுவிட்டு, அங்கயாவது எங்க ஆளுக்கு ஒரு மரியாதை இருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மணமாகப் பிறந்தவர் என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது என்று எழுதியிருந்தாய் பார், அதை மட்டும் உன் அம்மா வெளியில் சொல்லக் கூடாது என்று என் வாயை அடைத்துவிட்டாள். நெப்போலியன் ஆட்சியில் எல்லாரும் பெயரைப் பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டபோது கேலிக்காக இப்படிப் பதிந்துவிட்டார்கள் என்று அங்கே ஜனங்கள் சொல்வார்கள், படித்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை, பெரும்பாலான பெயர்கள் அதற்கும் ரொம்பக் காலம் முந்தியவை என்று நீ எழுதியதையும் மறக்காமல் சொன்னேன்.

எனக்கு அதில் மனதில் ஒட்டிக்கொண்டது யான்சன் என்ற பெயர்தான். அங்கேயும் முன்காலத்தில் பல பேர் நம்மைப்போலத்தான் இருந்திருக்கிறார்கள், யான் என்பவர் மகன் பீட்டர் என்றால் பீட்டர் யான்சன், அந்தப் பீட்டருக்கு மகன் பிறந்தால் அவன் பீட்டர்சன், தலைமுறைக்குத் தலைமுறை அப்பன் பெயர் மாறிக்கொண்டே வரும், நம் இனிஷியல் மாதிரியே. பிறகு ஒரு கட்டத்தில் யாரோ ஒரு யான் பெயர் அப்படியே நின்றுவிட்டது, இப்போது ஊரெல்லாம் யான்சன்.

என் கதை நீ அறியாதது அல்ல. புனித இன்னாசியார் திருநாள் அன்று காலையில் கன்னியர் மடத்து வாசலில் கிடந்தவன் நான், அதனால் இன்னாசிராஜ், பெயர் கிடைத்தது, இனிஷியல் கிடைக்கவில்லை. இனிஷியல் இல்லாதவன் என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய வசவு என்று உனக்குத் தெரியும், அதைக் கோபத்தில் திட்டுவதற்காக அல்லாமல் சும்மா விவரமாகவே என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், ஸ்கூலில், ஒர்க்‌ஷாப்பில், ரேஷன் கார்டு எழுத வந்தவர், ஓட்டு லிஸ்ட் எடுக்க வந்தவர், எல்லாரும் பேனாவை வைத்துக்கொண்டு இனிஷியல் என்ன என்பார்கள், இல்லை என்றால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்கள். தலை நிறைய முடி இருந்த காலத்திலேயே ஷாப்பில் எனக்கு மொட்டை இன்னாசி என்றுதான் பெயர். உன்னை ஸ்கூலில் சேர்த்த அன்று வாத்தியார் இ. பிலோமின்ராஜ் என்று எழுதினார் பார், அந்த ஒரு எழுத்துக்காக நான் அன்றைக்கு ஷாப் முழுவதுக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன், எதற்கு என்று ஒருவனுக்கும் சொல்லவில்லை. துவாக்குடியில் நீ என்ஜினீயரிங் பட்டம் வாங்கிய அன்றுகூட உன் பெயரைக் கூப்பிடும்போது அந்த முதல் எழுத்தைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். வழக்கம்போல உன் தாத்தா தைரியராஜ் கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம், எனக்கு ஏற்றுவதற்கு அந்த ஒரு கல்லறைதான். உன் பாக்கியநாதன் மாமாவும் வந்திருந்தார், எங்களோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னது, மச்சான் தப்பா நினைக்காதீங்க, குடும்பப் பேருன்னா அதுக்கு ஒரு வேர் இருக்கணும், எங்க அப்பா பேரைப் பாலக்கரையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, கோயில் உபதேசியார் குடும்பம், தைரியராஜ்னு போடச் சொல்லி எழுதுங்க, பிள்ளைகளுக்கும் கௌரவம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் குணம் உனக்குத் தெரியும். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் பெண் கொடுக்க முன்வராத எனக்குக் கூப்பிட்டுப் பெண் கொடுத்த மனுஷன், அவர் பெயரைவிட நல்ல பெயர் எது. ஆகட்டும், அப்படியே எழுதிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியும் விட்டேன்.

அப்போதுதான் உன் அம்மா சோற்றுக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். லூர்துராணி அவள் அண்ணன் எதிரில் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நம்மில் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் என்று ஓலை வாசிப்பார்கள் அல்லவா, எங்களுக்கு வாசிக்கும்போது எனக்கு அப்பன் பெயர் இல்லாமல் வெறும் இன்னாசிராஜ் என்று சாமியார் வாசித்ததும், கோயிலில் ஒரு சலசலப்பு ஓடியதும் எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அவள் சொன்னாள். “அண்ணே, நம்ம அப்பா பேரு பெரிய பேருதான். ஆனா அன்னைக்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, பையனுக்குத் தகப்பன் பேரு இல்லை, சபையில கேவலமா இருக்கும், கார்டியன்னு உங்க பேரையே வாசிச்சிடட்டுமான்னு கேட்டாரு. அப்பா வேணாம்னுட்டாரு. மாப்பிள்ளை பேரை மட்டும் வாசிங்க சாமி, என் மக இனிஷியலோடயா குடித்தனம் நடத்தப் போறா, அந்த மனுஷனோடல்ல நடத்தப் போறான்னாரு. அன்னைக்கே தன் பேரைப் போட வேணாம்னவரு இன்னைக்குப் போடச் சொல்லுவாரா?”

அப்பா அப்படியா சொன்னாரு என்று மாமா ஒரு தடவை கேட்டார், எனக்குத் தெரியாதே என்றார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியண்டை நின்றேன், கண்ணீர் வந்துவிட்டது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இத்தனை வருஷமும் அந்த ஓலையை நினைத்தால் எனக்கு மாமனார் முகத்தைச் சபையில் தாழ்த்திவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு குன்றல் இருந்தது. அவர் கேவலப்படவே இல்லை, அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை உன் அம்மா ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன், நீங்க கேக்கலையே என்கிறாள், இவளை என்ன செய்வது. புறப்படும்போது மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, வரேங்க மிஸ்டர் இன்னாசிராஜ் என்று சொல்லிச் சிரித்தார். கேலிதான், ஆனால் மரியாதையும் இருந்தது.

இப்போது நான் யோசிப்பது இதுதான். அந்த யான் யாராக இருந்திருப்பான், பண்ணையில் வேலை செய்தவனோ படகு தள்ளினவனோ, அவன் பெயரை இன்று எத்தனை வீட்டு வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்த யானுக்கு அப்பா யார் என்று ஒருவனும் கேட்பதில்லை. முதல் பாக்கருடைய அப்பா பாக்கர் இல்லை. எல்லாப் பெயரும் யாரோ ஒருத்தனிடத்தில்தான் ஆரம்பிக்கிறது, அவனுக்கு முன்னால் என்ன இருந்தது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. என்னிடத்தில் ஆரம்பிக்கட்டும் மகனே. சாகிற வரைக்கும் எனக்கு இனிஷியல் கிடையாது, ஆனால் நான் பார்க்கப் போகாத பிள்ளைகளுக்கெல்லாம், தமிழ் தெரியுமோ தெரியாதோ, என் பெயர் இருக்கும் என்றால் எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. நேற்று சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது காய்க்காரியிடம்கூடச் சொல்லிவிட்டேன், அவள் ஒன்றும் புரியாமல் ஒரு கத்தரிக்காய் கூடப் போட்டாள்.

டோரதியிடம் சொல், அவள் பெயரிலிருந்து உன் பெயர் போய் என் பெயர் வருவதில் அவளுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு செய், அவளும் ஒரு வீட்டுப் பெண், மாமனார் சொல்லிவிட்டார் என்று தலையாட்ட வேண்டாம். குடியுரிமை வாங்கினாலும் ஜெசிந்தாவிடம் வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். பனிக்காலத்தில் பிள்ளைக்குக் காதை மூடி அனுப்புங்கள், நீ சைக்கிளில் ஆபீஸ் போகும்போது பார்த்துப் போ, அங்கே எல்லாரும் போகிறார்கள் என்று நீயும் வேகமாக மிதிக்காதே. கிறிஸ்துமசுக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்புவதற்குத் தபாலாபீசில் விசாரித்திருக்கிறேன். மூன்று பேர் தலையிலும் கைவைத்து நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம், பிதா சுதன் பரிசுத்த ஆவி உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

இதை மட்டும் மறந்துவிடாதே. ஆபீசுக்குப் போகும்போது எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதவை, அவர்கள் வாயில் நம் பெயர் நுழையாது. அங்கே எல்லாப் பெயருக்கும் ரொட்டிக்காரர், மீன்காரர் என்று ஒரு அர்த்தம் இருக்கிறதே, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாள் கேட்டால் முழிக்காதே. என் அப்பா என்று அர்த்தம் என்று சொல்.

உன் அன்பு அப்பா,
இன்னாசிராஜ்