உன் காய்ச்சலை நான் எழுதவில்லை

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு ஆய்வுக்காக ஒரு பெண் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துக்கொண்டாள். சானிடைசர் வாசம் குப்பென்று அடித்தது. எத்தனை வருஷம் ஆயிற்று! அந்த வாசத்தோடு நீயும் வந்து நின்றுவிட்டாய், மூக்குக்குக் கீழே இறங்கிய முகக்கவசமும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக. “வாமே, இன்னும் நாலு தெரு கீது” என்று நீ வாசலில் நின்று கூப்பிடுவதுபோலவே இருந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் நாட்டை ஆண்டவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்களாம். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்த நம்மைப் போன்றவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்கிறார்களாம். ஊரடங்கு, நிவாரணம், தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்றாள். நீ இருந்திருந்தால், “இன்னா கண்ணு, பரீட்சையா? பிட்டு கிட்டு இருந்தா குடு” என்று அந்தப் பெண்ணைப் படுத்தி எடுத்திருப்பாய்.

நான் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். தடுப்பூசிக்கு நான்கு போட்டேன். இரண்டு ஊசியும் கைக்காசு இல்லாமல்தான் போட்டுக்கொண்டேன், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். உனக்குத்தான் அது வரும்வரை இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. ரேஷன் அரிசிக்கு மூன்று. ஊரடங்கு என்றதும் எனக்கு வந்ததே கோபம்! ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு நாட்டையே பூட்டினால், அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவன் எங்கே போவான்? அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்த்த வடக்கத்திக்காரர்கள் மூட்டை முடிச்சோடு அண்ணனூர் தண்டவாளத்தை ஒட்டி நடந்து போனார்கள். நீ ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினாய். “எந்தத் தாய் பெத்த புள்ளைங்களோ, இப்டி நடக்க உட்டானுங்களே பாவிங்க” என்று அழுதாய். பூஜ்யம் போடு என்று அவளிடம் சொன்னேன். ஒன்றிலிருந்துதான் போட முடியும் மேடம் என்றாள்.

தட்டு தட்டச் சொன்ன அன்றைக்கு நீ அடித்த கூத்தும் நினைவுக்கு வந்தது. “தட்டுனா பூடுமா கொரோனா? இன்னா கொசுவா அது?” என்று காலையெல்லாம் கேலி செய்தாய். சாயங்காலம் அயனம்பாக்கத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, உன் மாமியாரின் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டி வளைகிற வரைக்கும் அடித்தாய். ஏனடி என்றால், “எல்லாரும் அடிக்கிறாங்கோ, சொம்மா நின்னா நல்லாவா கீது” என்றாய். அதுதான் நீ.

உனக்கு அயனம்பாக்கமே சொந்தம். ஏரிக்கரைத் தெருக்களில் பாதிப்பேர் உனக்கு மாமன் மச்சான், மீதிப்பேர் பங்காளி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து அண்ணனூரில் வாடகைக்கு இருக்கிறவள். நம் இருவரையும் ஒரு ஜோடியாகப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியாது. உனக்கு வாய் ஓடும், எழுத்து ஓடாது. அதனால் கதவைத் தட்டுவது நீ, நோட்டில் எழுதுவது நான்.

ஒவ்வொரு நாளும் தெருவில் இறங்குமுன் ஒருவருக்கொருவர் நெற்றியில் அந்தத் துப்பாக்கிபோன்ற கருவியை வைத்துப் பார்த்து, நம் சூட்டை முதல் வரியில் எழுத வேண்டும். ஜூன் மாத வெயில் அல்லவா, நடந்து வந்த நெற்றியில் வைத்தால் எல்லோருக்கும் கூடுதலாகத்தான் காட்டும். முகம் கழுவி, நிழலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, மறுபடி வைத்தால் சரியாகிவிடும். ஜனங்களுக்கும் அதையே செய்தோம். “பயப்படாத, வெயில் சூடு” என்று நீ சொல்வாய். அநேகமாக அது உண்மையாகவே இருந்தது.

அந்தப் பால்காரரை மறந்திருக்க மாட்டாய். உனக்குச் சித்தப்பா முறை. அவர் இருமலை மறைக்கிறார் என்று உனக்குத்தான் தெரிந்தது. “சொல்லு நைனா, மருந்து குடுப்பாங்கோ, ஒண்ணும் ஆவாது. நான் கீறேன் இல்ல?” என்று நீ கெஞ்சிக் கூத்தாடி அவர் வாயைத் திறக்க வைத்தாய். நான் எழுதினேன். அடுத்த நாளே அவரை வண்டியில் ஏற்றினார்கள், வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். உள்ளே அவர் மனைவியும் நான்கு எருமைகளும். மேய விடாத எருமைகள் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தின. யாரும் பால் வாங்கவில்லை. அந்த அம்மாள் தகர இடுக்கு வழியாக உன்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். “பெத்த பொண்ணு மாதிரி வந்து குடும்பத்தையே காட்டிக் குடுத்துட்டியேடி, நீ நல்லா இருப்பியா?” என்று கேட்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கதவைத் தட்டப் போனாய். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் காய்ச்சல் இல்லை. எல்லோரும் நம் முகத்துக்கு நேராகச் சிரித்து, “இல்லை” என்றார்கள். நானும் வரிசையாக “இல்லை” என்று எழுதினேன்.

இருபது நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. உன் நெற்றியில் கருவியை வைத்தேன். நூற்றொன்று காட்டியது. முகம் கழுவிவிட்டு வந்தாய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாய், மறுபடி வைத்தேன். அப்போதும் நூற்றொன்று. “வெயில் சூடுதான்மே, போடு தொண்ணூத்தேழு” என்றாய். நான் பேனாவை எடுக்கவில்லை. நீ என் கையைப் பிடித்தாய். உன் கை கொதித்தது. “தபாரு, என் ஊட்டுக்குத் தகரம் அடிச்சா அந்தத் தெருவே கை கொட்டிச் சிரிக்கும். எங்க சித்தி வாசல்ல வந்து நின்னு பார்க்கும். ரெண்டு நாள் கஷாயம் குடிச்சா பூடும்மே. எனக்காக எழுது” என்றாய்.

எழுதினேன். செவ்வாய்க்கிழமையும் எழுதினேன். புதன்கிழமை நீ கேட்கவே இல்லை, நெற்றியில் வைத்துப் பார்க்காமலே எழுதினேன். நீ எல்லா வாசலுக்கும் வெளியே பத்தடி தள்ளி நின்று பேசினாய். வியாழக்கிழமை நோட்டில் உன் வரியை எழுதுமுன்பே ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்தேன். எண்பத்திரண்டு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, “நோட்டைத் திருத்தாதமே” என்றாய். ஆறாவது நாள் உன்னைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அந்த ஆய்வுப் பெண்ணிடம் நம் நோட்டின் படம் இருந்தது. என் கையெழுத்து, உன் பெயர், மூன்று நாளும் தொண்ணூற்றேழு சொச்சம். “இந்த வார்டில் விதிமுறையை ரொம்ப நல்லாக் கடைப்பிடிச்சிருக்கீங்க மேடம். உங்க தோழிக்கு அறிகுறியே தெரியாம இருந்திருக்கு” என்றாள். அதற்கும் ஐந்துக்கு ஐந்து போடத் தயாராக இருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

“அது பொய்ம்மா” என்றேன். “மூணு நாளும் காய்ச்சல் கொதிச்சுது. நான்தான் மாத்தி எழுதுனேன்.”

அவள் திடுக்கிட்டுப் போனாள். “ஏன் மேடம்? நீங்களே உண்மையை எழுதலைன்னா அரசாங்கம் எப்படி நடவடிக்கை எடுக்கும்?”

“உண்மையச் சொன்ன வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு தெனமும் பார்த்தது நாங்கதானேம்மா” என்றேன். “சொன்னவனுக்குத் தகரம், மறைச்சவனுக்கு மரியாதைன்னு இருந்தா எவன் சொல்லுவான்? மேல இருக்கிறவங்களுக்கு நாங்க எழுதுன கணக்குதான் போய்ச் சேர்ந்துச்சு, கணக்கு நல்லா இருக்குன்னு அவங்க நம்புனாங்க. இதை எழுதிக்கோ. இதுக்கு எத்தனை மார்க்குன்னு நீயே போட்டுக்கோ.”

அவள் எழுதிக்கொண்டாள். ஆனால் அவளிடம் சொன்னதோடு முடியவில்லை. உன் மகள் இருக்கிறாளே. அவள் இத்தனை வருஷமாக ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “எங்கம்மாவுக்குக் காய்ச்சலே இல்ல, நோட்டுலயே கீது. ஆஸ்பத்திரிக்காரன்தான் கொன்னுட்டான்.” நான் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு, அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்லிவிட்டு உன் மகளிடம் மறைத்தால் நான் மனுஷியா?

ஞாயிற்றுக்கிழமை போனேன். தெரு முனையில் அந்தப் பால்காரர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பேரனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் பிழைத்துவிட்டார், தெரியுமா? முதல் நாளே கண்டுபிடித்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னாராம். அவரைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனேன்.

உன் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், உன் கை, தொண்ணூற்றேழு, நீ கெஞ்சியது, எல்லாம். திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் நான் தயாராகவே போயிருந்தேன். அவள் ஒன்றை மட்டும் கேட்டாள்.

“அம்மாதான் பயந்துபோய்க் கேட்டுச்சு. நீ ஏன் அத்தை எழுதுன?”

மேலே இருக்கிறவர்களைப் பற்றி அந்த ஆய்வுப் பெண்ணிடம் அத்தனை பேசினேனே, இவளிடம் ஒரு வார்த்தை வரவில்லை. பஸ் ஏறி அண்ணனூர் வந்த பிறகுதான் பதில் தெரிந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே ஆள் நீ. எழுதவில்லை என்றால் நீ என்னோடு பேசாமல் போய்விடுவாய் என்று பயந்தேன்.