சறுக்குக் குளத்தில் நிற்கும் தண்ணீர்

இன்று காலை சோதனைக் குப்பியில் மருந்து விட்டதும் சறுக்குக் குளத்துத் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறியது. குளோரின் இன்னும் இறங்கவில்லை. குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்தபடி நின்றபோது உன் நினைவு வந்துவிட்டது.

பாடாங் மேஹா எஸ்டேட் பக்கத்து இந்த நீர் விளையாட்டுப் பூங்காவில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். உனக்குச் செடிகளைப் பார்க்கும் வேலை, எனக்குத் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. வடிகட்டிகளைக் கழுவிய தண்ணீர் வேலிக்குப் பின்னாலுள்ள ஓடைக்குப் போவது எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சோதிக்கவில்லை.

ஒரு மதியம் செத்த மீன்களை வாளியில் அள்ளி வந்து என் மேசையருகே வைத்தாய்.

“ஓடைக்குப் போற தண்ணிய டெஸ்ட் பண்ணியிருக்கியா?”

“அது என் வேல இல்லடி.”

“அப்ப யாரு வேல? அதுலதான் எஸ்டேட் பிள்ளைங்க குளிக்குதுங்க. வா, மேனேஜர்கிட்ட போவோம்.”

எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நீ வாளியோடு முன்னால் நடந்தாய்; சோதனைப் பெட்டியோடு பின்னால் வந்தேன்.

மேலாளர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “வெயில் காலத்துல மீன் சாகும்லா.”

நீ என்னைப் பார்த்தாய். வழியில் எடுத்த கழிவு வாய்க்கால் தண்ணீரை அவர் முன்னாலேயே குப்பியில் ஊற்றி மருந்து விட்டேன். கருஞ்சிவப்பானது; அவ்வளவு குளோரின். அவர் குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இதத் தேக்கி வைக்கப் புது டேங்க் கட்ட மேலிடம் ஒத்துக்காது” என்றார்.

“கட்ட வேணாம் சார். ஒடைஞ்ச சறுக்குக்குக் கீழ குளம் சும்மாதானே கெடக்கு? அதுல விடுங்க. வெயில்ல கெடந்து குளோரின் இறங்கட்டும். அப்புறம் செடிக்கும் டாய்லெட்டுக்கும் எடுத்துக்கலாம்.”

பல மாதம் விடாமல் கேட்டாய். நடந்தது. வாசலில் ‘பசுமைப் பூங்கா’ என்று மேலாளர் படத்தோடு பலகை வைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீ சிரித்தாய். “வைக்கட்டும்டி. போர்டு வச்சிட்டா இனிமே பின்வாங்க முடியாதுல்ல.”

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனைக் கட்டிலில்கூட, “ஓடையில மீன் வந்துச்சா?” என்றுதான் கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். நீ போன இரண்டாம் மாதம் சிறு மீன்கள் வந்தன. சொல்ல உன் வீட்டுப் பக்கம் திரும்பியபிறகுதான் உறைத்தது.

இன்று பள்ளி விடுமுறைக் கூட்டம். வடிகட்டி கழுவிய தண்ணீரால் சறுக்குக் குளம் நிரம்பிவிட்டது. புதிய மேலாளர், “இன்னிக்கி ஒரு நாள்தானே, ஓடைக்குத் திறந்து விடுங்க” என்றார்.

“முடியாது சார். குளோரின் இறங்கல.”

“கூட்டத்தப் பாருங்க! வடிகட்டியக் கழுவாம எப்படி?”

“பெரிய சறுக்க மூடுங்க சார், அதோட வடிகட்டியக் கழுவ வேணாம். ஓடைக்கு விட நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பயந்துகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சறுக்கை மூடச் சொன்னார். வந்தவர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

மாலையில் இரண்டாவது குளம் கேட்டு மனு எழுதினேன். பம்ப் அறையில் இருந்த எல்லாரும் கையெழுத்திட்டார்கள். நாளை அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அது போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.